காட்டுப்பன்றித் தொல்லையும் மாற்றுத்திறனாளி விவசாயிகளும்

ராதாபுரம் வட்டத்தில் பணகுடி மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகள் வாழையைச் சாய்த்துக் கிழங்கைக் கிளறிப் போடுவது விவசாயிகள் அறிந்ததே. இரவுக் காவலுக்கு ஓடியாட இயலாத மாற்றுத்திறனாளி விவசாயிகளுக்கு இத்தொல்லை இரு மடங்காகும்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், கை, தோள் வலுவிழந்தவர்கள் மருத்துவர் சான்று காட்டினால் குறுக்குவில் கொண்டு வேட்டையாடத் தனி அனுமதி தருகிறார்கள். கட்டையின் மேல் குறுக்காக வில் பொருத்திய கருவி இது. நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டி, விசையை அழுத்தினால் அம்பு பாயும். நாணைக் கையால் பிடித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இத்தகைய அனுமதி கிடையாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. வில், அம்பு, சுருக்கு, வலை, விஷம், வெடி அனைத்தும் இச்சட்டத்தின்படி ஆயுதங்களே. எனவே அவுட்டுக்காய் வைப்பதும் சுருக்குக் கம்பி கட்டுவதும் குற்றமாகும். வேலியில் வீட்டு மின்சாரம் பாய்ச்சுவது மனித உயிரையே பறித்துவிடும்.

ஆயினும் விவசாயிக்கு வழி இல்லாமல் இல்லை. நிற்கும் பயிருக்கு ஆபத்தான காட்டுப்பன்றியைக் கொல்ல, காரணம் குறிப்பிட்டு எழுத்து மூலம் உத்தரவிடத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு இச்சட்டத்தின் 11-வது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை வருமாறு:

காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை: பன்றியைச் சுடக்கூடாது.

1 முதல் 3 கிலோமீட்டர் வரை: பிடித்துக் காட்டில் விட வேண்டும்.

3 கிலோமீட்டருக்கு அப்பால்: பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். விவசாயி சுடக்கூடாது.

ஆகவே திடகாத்திரமானவரும் மாற்றுத்திறனாளியும் இதில் ஒன்றே. இருவருக்கும் மனுதான் ஆயுதம். பயிர் சேதமானால் அன்றே புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, காட்டிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றை எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். நேரில் செல்ல முடியாதவர்கள் கையெழுத்திட்டோ கைரேகை வைத்தோ குடும்பத்தார் மூலம் அனுப்பலாம். இழப்பீட்டையும் அதே மனுவில் கேட்கலாம். மனு கொடுத்ததற்கு ரசீது பெறுவது அவசியம். நடவடிக்கை தாமதமானால், கலெக்டர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ரசீதைக் காட்டி முறையிடலாம்.

இரவில் காவல் இருக்க இயலாதவர்கள் வரப்பைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாகப் பல வரிசை விதைத்தால் பன்றி நுழைவது குறையும். சூரிய மின்வேலி அமைக்க விரும்பினால், காட்டோர நிலங்களுக்கு வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது.