நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் விளக்குகள்

மோட்டார் சைக்கிளில் தொலைதூரம் செல்வோர் சிலர், முன்விளக்குக்குக் கீழே இரு சிறு விளக்குகளைக் கூடுதலாகப் பூட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பெண்கள் பள்ளி மலரில் இதற்கென்ன வேலை என்று சில தோழியர் கேட்கக்கூடும். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவான நாளில் அப்படிக் கேட்டிருக்கலாம். இன்றோ அந்த வண்டிகளை ஓட்டி லடாக் வரை சென்று திரும்பும் பெண்கள் பலர். அதுவும் போக, வாட், ஆம்பியர் என்று நாம் மனப்பாடம் செய்வதெல்லாம் இந்தச் சிறு விளக்குகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22 மீட்டர். சாலையில் ஒரு மாடு நிற்பதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை விநாடி கழிகிறது. வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்த பின் நல்ல சாலையில் நிற்க இன்னும் 50 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 83 மீட்டர். டிம் வெளிச்சமோ ஏறக்குறைய 50 மீட்டர் வரைதான் பயன்படும். அதற்கு அப்பால் நிற்கும் மாடு, விளக்கில்லாத சைக்கிள், கறுப்புச் சேலை உடுத்திச் சாலையைக் கடக்கும் பாட்டி யாரும் நம் கண்ணில் படமாட்டார்கள். வேகத்தைக் குறைப்பதே முதல் வழி. 60-இல் சென்றால் ஏறக்குறைய 53 மீட்டரில் நின்றுவிடலாம். கூடுதல் விளக்கு இரண்டாவது வழிதான். விளக்கு வாங்கியவுடன் வேகத்தையும் கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. எதிரே ஒற்றை விளக்கு வந்தால், அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கண்ணுக்குக் கடினம். மேலே ஒன்று, கீழே இரண்டு என முக்கோணமாக வந்தால், நெருங்க நெருங்க அம்முக்கோணம் விரிவது தெரியும். கணிப்பது எளிதாகும்.

கடைகளில் எல்லாவற்றையும் 'ஃபாக் லைட்' என்றே கூறிவிடுகிறார்கள். உண்மையில் இரு வகை உண்டு. தொலைவிளக்கின் ஒளி குறுகி, நீண்டு செல்லும். பனிவிளக்கின் ஒளி அகன்று, தாழ்ந்து, மேற்புறம் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். ஊட்டி, கொடைக்கானல் மலைச்சாலைகளில் மூடுபனி இறங்கும்போது பிரைட் போட்டால், நீர்த்துளிகளில் பட்ட ஒளி நம் முகத்துக்கே திரும்பி வெள்ளைத் திரையாகிவிடும். அங்கே பனிவிளக்கே உதவும். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று படித்திருக்கிறோம். பனித்துளியோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகையால் அது எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. கண் கூச்சம் குறைவு என்பதற்காகச் சிலர் மஞ்சளை விரும்புகிறார்கள். அது வேறு செய்தி.

இனி மின்சாரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஓர் அளவுக்கு மேல் தராது. ஒரு வண்டியில் அது 200 வாட் தருவதாக வைத்துக்கொள்வோம். முன்விளக்குக்கு 60 வாட். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், பின்விளக்கு முதலியவற்றுக்கு 80. மீதி 60. அதில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைப் பூட்டினால் 110 வாட் கேட்கும். குறையும் 50 வாட்டைப் பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 4 ஆம்பியர். 8 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி! 2016-இல் வெளிவந்த ஹிமாலயன் போன்ற வண்டிகளில் உதைத்துக் கிளப்பக் கிக்கரும் இல்லை. நள்ளிரவில் மலைச்சாலையில் எஞ்சின் நின்றால் தள்ளிக் கிளப்ப ஆள் தேட வேண்டியதுதான். முன்விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கலாமா? அதுவும் முடியாது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிதாக வரும் இருசக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கும் தானே எரியும்.

நம்மைக் காப்பாற்றுவது எல்.இ.டி. இருபது வாட் விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து 40 வாட் போதும். நம் கணக்கில் 20 வாட் மிஞ்சும். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியோடு மஞ்சள் ஒளி தரும் பூச்சு சேர்ந்தே நாம் காணும் வெள்ளை வெளிச்சம் பிறக்கிறது.

விளக்கின் ஒயரை முன்விளக்கு ஒயரோடு முறுக்கிச் சேர்ப்பது எளிது, ஆனால் ஆபத்து. மெல்லிய ஒயரும் சுவிட்சும் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்காமல் சூடேறும். மேலே இருப்பதோ பெட்ரோல் டாங்க். இதற்கு ரிலே வேண்டும். கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் அதற்குள் உள்ள சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய மின்னோட்டத்துக்கான கதவைத் திறக்கிறது. ரிலேயின் 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ஒயர் வரும், 87 விளக்குகளுக்குச் செல்லும், 85 எர்த், 86 சுவிட்சுக்கு. அந்தச் சுவிட்சுக்கு மின்சாரத்தை பிரைட் ஒயரிலிருந்து எடுப்பது நல்லது. அப்போது டிம் செய்தவுடன் கூடுதல் விளக்குகளும் அணைந்துவிடும். நம் 40 வாட்டுக்கு மின்னோட்டம் 3.3 ஆம்பியர், ஆகவே 5 ஆம்பியர் பியூஸ் போதும். அதைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

பொருத்தியபின் ஒளியைச் சரியான இடத்தில் விழச் செய்வதே பெரிய வேலை. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் கோடிட வேண்டும். ஒளியின் நடுப்பகுதி அக்கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழட்டும். வெறும் வண்டியை வைத்து அளந்தால் பயனில்லை. ஓட்டுபவர் அமர்ந்து, பின்னால் மூட்டையும் ஏற்றி அளக்க வேண்டும். பின்பாரம் ஏறியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிரும். வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போய்விழும். பேரொளி பட்ட கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் அதிகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடுவார். அந்த 50 மீட்டரில் அவர் வண்டியும் அதே சாலையில்தான் வருகிறது, நம் பக்கம் ஒதுங்கினால் மோதுவது நம்மேல்தான்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் விருப்பம்போல் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது பணத்துக்கும் பாதுகாப்பு.

முதல் பயணத்தில் 100 கிலோமீட்டர் சென்றதும் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, விளக்கைத் தாங்கும் போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். அதிர்வில் அவை தளரும். ஹேண்டில் பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பி, கழுத்துப் பகுதியில் ஒயர் இழுபடுகிறதா, உரசுகிறதா என்றும் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.