தொப்பி வாத்தியாருடையது, குரல் டி.எம்.எஸ்ஸுடையது: தமிழின் ‘பாடும் கௌபாய்’ கதை!

ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும்போது, ஏதாவது ஒரு டீக்கடையில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். “எம்.ஜி.ஆர். பாட்டு” என்போம். பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன் என்று தெரிந்தும் அப்படித்தான் சொல்வோம். ஏன்?

பாடும் கௌபாய்னா யாரு?

1930களின் ஹாலிவுட்டில் ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் என்று இரண்டு பெரிய ஸ்டார்கள். குதிரை, அகலத் தொப்பி, கையில் கிடார். சண்டை முடிந்தால் பாட்டு. இருவருமே சொந்தக் குரலில் பாடியவர்கள். கௌபாய் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜீன் ஆட்ரியின் பெயரில் ஒரு விதிப் பட்டியலே உண்டு. ஹீரோ என்றால் பொய் சொல்ல மாட்டான், எளியவரை ஏய்க்க மாட்டான். கேட்ட மாதிரி இருக்கா?

நம்ம ஊர்ல யாரு?

1936-ல் ‘சதிலீலாவதி’ மூலம் எம்.ஜி.ஆர். சினிமாவுக்கு வந்தபோது, பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ. எம்.கே.தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் கோலோச்சிய காலம். எம்.ஜி.ஆர். பாடகர் இல்லை. கதாநாயகனாக அவர் 1947-ல் வந்த ‘ராஜகுமாரி’ வரை காத்திருந்தார். பின்னணிப் பாடல் முறை பரவியதால்தான் அவரைப் போன்றவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. 1954-ல் ‘மலைக்கள்ளன்’ படத்தில் டி.எம்.எஸ். குரல் வந்து சேர்ந்தது.

1964 பொங்கலுக்கு வந்தது ‘வேட்டைக்காரன்’. கௌபாய் உடையில் வாத்தியார்! தேவர் பிலிம்ஸ் தயாரிப்பு, கண்ணதாசன் வரிகள், கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.எஸ். குரல். அதே பொங்கலுக்கு சிவாஜியின் ‘கர்ணன்’ படமும் ரிலீஸ். அதிலும் டி.எம்.எஸ். பாடியிருக்கிறார். தியேட்டர் வாசலில் ரெண்டு கோஷ்டி மோதினாலும், உள்ளே ஒலித்தது ஒரே மனிதரின் குரல். ஆனால் யாருக்குப் பாடுகிறாரோ அவருக்கேற்ப அதை மாற்றிப் பாடுவது டி.எம்.எஸ்ஸின் தனித்திறமை.

அந்த ஆண்டே வந்த ‘படகோட்டி’யில் வாத்தியார் மீனவர். தொப்பி போய் வலை வந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

செங்கல்பட்டுக்கு இதில் என்ன தொடர்பு?

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். ‘வேட்டைக்காரன்’ படத்தில் சேர்ந்து நடித்தவர்தான். குண்டு கழுத்தில் பாய்ந்தது. வழக்கு நடந்தது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில். ராதாவுக்கு 7 ஆண்டு தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது.

கழுத்துக் கட்டோடு இருக்கும் போட்டோ, போஸ்டராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. தொகுதிக்குள் கால் வைக்காமலேயே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பரங்கிமலையில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார்.

ஆனால் பேச்சு பழையபடி திரும்பவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ‘காவல்காரன்’ படத்தைக் கவனித்துக் கேட்டால் வித்தியாசம் புரியும். வசனத்தில் நாக்கு இடறுகிறது. அடுத்து பாட்டு வரும்போது டி.எம்.எஸ்ஸின் கணீர் குரல்! ஒரே ஆளிடம் காயம்பட்ட குரலும் காயமே படாத குரலும்.

வேறு யாரையாவது வைத்து வசனத்துக்கு டப்பிங் செய்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கடைசிப் படம் வரை அதே இடறும் குரலில்தான் பேசினார். ரசிகர்களும் அதை அவருடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போ என்ன மிச்சம்?

ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துக்கே ‘செங்கை எம்.ஜி.ஆர்.’ என்று பெயர். 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பெயர் போனது. 2019-ல் புதிதாகப் பிறந்த மாவட்டம் வெறும் செங்கல்பட்டுதான். டி.எம்.எஸ். 2013-ல் மறைந்தார்.

ஹாலிவுட் கௌபாய்க்கு ஒரே ஆள் போதும். நம்ம கௌபாய்க்கு ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள். அடுத்த முறை பிளேலிஸ்ட்டில் “எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்” போடும்போது, டி.எம்.எஸ். பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார்!