அளந்து அறியும் தரம்

காவிரி நீர் கல்லணையைக் கடந்து வயல்களில் பாயும்போது தஞ்சைத் தரணியில் குறுவை நடவு தொடங்குகிறது. நாற்று நடுவோர் நாள் முழுவதும் சேற்றில் குனிந்தே உழைக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு உழைப்போருள் பலர் இடுப்புவலியாலும் மூட்டுவலியாலும் வருந்துகின்றனர். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்க்கோ வரப்பில் நடப்பதே அரிதாகிவிடுகிறது. இத்தகையோர் இழந்த இயக்கத்தை மீட்க உதவுவது இயன்முறை மருத்துவம்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இச்சிகிச்சையை நோயாளியின் இல்லத்திற்கே கொண்டுசென்றது. மருத்துவமனைக்குச் சென்றுவர ஒருநாள் கூலியை இழக்கும் குடும்பங்களுக்கு இது பெருந்துணையாகும். எனினும், வீட்டுத் திண்ணையில் நிகழும் சிகிச்சையை அருகிருந்து மேற்பார்வையிட எவரும் இலர். அங்கு அதன் தரத்தை எவ்வாறு உறுதிசெய்வது?

மருத்துவத்தின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்றின் வழியாக மதிப்பிடலாம் என்று அவேதிஸ் டொனபீடியன் என்னும் அறிஞர் 1966இல் விளக்கினார். இயன்முறை மருத்துவத்திற்கும் இவை பொருந்தும்.

கட்டமைப்பு என்பது தகுதிபெற்ற மருத்துவரையும் உரிய கருவிகளையும் குறிக்கும். இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துறைகளின் கல்விக்கும் பணிக்கும் தரம் வகுக்க, நாடாளுமன்றம் 2021இல் தனிச்சட்டம் இயற்றியது.

செயல்முறையின் முதற்படி அளவீடு. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானி காட்டும். தசையின் வலிமை 0 முதல் 5 வரையிலும், வலியின் கடுமை 0 முதல் 10 வரையிலும் மதிப்பிடப்படும். ‘வரப்பில் துணையின்றி நடக்க வேண்டும்’ என்பது போன்ற இலக்கை நோயாளியுடன் கலந்தே முடிவுசெய்ய வேண்டும். மருத்துவர் வாராத நாள்களில் பயிற்சியைத் தொடர்பவர்கள் குடும்பத்தினரே. ஆகவே, அவர்களுக்குக் கற்பிப்பதோடு, அவர்கள் அதனைச் சரியாகச் செய்கின்றனரா என்று பார்ப்பதும் கடமையாகும்.

விளைவை அறிய, குறித்த காலத்தில் மீண்டும் அளக்க வேண்டும். முன்னேற்றம் இல்லையெனில் பயிற்சியை மாற்றவோ, நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பவோ வேண்டும். பதிவேடு இல்லையெனில், அடுத்து வருபவர் மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஆராய நேரிடும். பக்கவாதத்திற்குப் பிந்தைய முதற்சில மாதங்களே மீட்சிக்கு மிக ஏற்றவை. அக்காலம் வீணானால் மூட்டுகள் இறுகும். மீண்டும் நடக்கும் வாய்ப்பும் குறையும்.

எனவே, பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் வெறும் அலுவலகக் குறிப்பன்று. உழைத்து வாழும் ஒருவர் மீண்டும் தம் காலில் நிற்பதற்கு அது வழிகாட்டுகிறது.