எல்லா இரட்டையும் இரட்டை அச்சல்ல

1969-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களில் மிகச் சிலவற்றுக்கு இன்று பல ஆயிரம் டாலர் விலை. லிங்கனின் தலைக்கு மேலுள்ள வாசகமும் வலப்பக்கத்து ஆண்டும் அவற்றில் இரண்டிரண்டாகத் தெரியும். அதே ஆண்டு, அதே சாலையில் அடித்து, எழுத்துகள் இரண்டாகத் தெரியும் வேறு நாணயங்களும் ஏராளம். அவற்றின் மதிப்பு ஒரு சென்ட்தான்.

காரணம், இரட்டிப்பு நேர்ந்த கட்டம். நாணயத்தின் உருவம் முதலில் 'ஹப்' எனும் எஃகுத் தண்டில் மேடாக இருக்கும். அதை இன்னொரு எஃகுத் தண்டில் அழுத்தினால் உருவம் பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் விழுந்த தண்டுதான் 'டை', அதாவது அச்சு. ஒரே அழுத்தில் முழு ஆழமும் கிடைக்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடும். ஆகவே அந்தக் காலத்தில் அச்சை உலையிலிட்டு இளக்கி மறுபடியும் அழுத்துவார்கள். அப்போது ஹப் இம்மியளவு திரும்பியிருந்தாலும் அச்சிலேயே இரண்டு உருவங்கள் விழுந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிபடும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில்.

1955-இல் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஒரு சென்ட் அச்சுக்கு அப்படித்தான் ஆனது. கோளாறு தெரிந்தபோது அந்தக் காசுகள் மற்ற இயந்திரங்களின் காசுகளோடு கலந்துவிட்டிருந்தன. மொத்தக் குவியலையும் உருக்க மனம் வராமல் வெளியே விட்டுவிட்டார்கள். 20,000-க்கு மேல் போயிருக்கும் என்பது மதிப்பீடு. அவற்றில் பல, 23 சென்ட் சிகரெட் பாக்கெட்டுகளில் மீதிச் சில்லறையாகச் செருகப்பட்டு மக்கள் கைக்கு வந்தன.

ஒரு சென்ட் மட்டுமே பெறும் அந்த மற்ற காசுகளில் இருப்பது இயந்திர இரட்டிப்பு. அதன் கதையே வேறு. அச்சில் குறை இல்லை. இயந்திரத்தில் அதைப் பிடித்திருக்கும் பிடிதான் தளர்ந்திருக்கிறது. காசை அடித்த கணத்திலேயே அச்சு நகர்ந்து, எழும்பி நிற்கும் எழுத்தின் பக்கவாட்டை நசுக்கிவிடுகிறது.

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டிருக்கும். எழுத்து மொத்தத்தில் தடித்திருக்கும். முனைகளில் பிளவுபட்ட வெட்டு தெரியும். இயந்திர இரட்டிப்பில் எழுத்தை ஒட்டி, காசின் தரைமட்டத்துக்குச் சற்றே மேலே, பளபளப்பான தட்டையான ஒரு படி இருக்கும். அந்தப் படி எழுத்தின் உடம்பிலிருந்தே எடுத்த உலோகம் என்பதால் எழுத்து மெலிந்துபோயிருக்கும். முன்னது கூட்டல், பின்னது கழித்தல்.

எனக்குப் பிடித்த சாட்சி, ஆண்டுக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் சின்ன 'எஸ்' எழுத்து. 1989 வரை புழக்கத்துக்கான சென்ட்டுகளின் நாணயச்சாலைக் குறியை ஹப்பில் வைக்கவில்லை. அச்சு தயாரான பிறகு அதன்மேல் தனியாகக் கையால் குத்தினார்கள். ஹப் திரும்பினால் அந்த எஸ் இரட்டிக்க வழியே இல்லை. தளர்ந்த அச்சோ பெரும்பாலும் எஸ்ஸையும் விட்டுவைக்காது. ஆண்டும் எஸ்ஸும் ஒரே திசையில் இரட்டித்திருந்தால் அது இயந்திரத்தின் வேலை. எஸ் மட்டும் இரட்டையாக இருந்தால் குறியை இருமுறை குத்தியிருக்கலாம். அது வேறு வகை. 1990 முதல் குறி மூல அச்சிலேயே சேர்ந்துவிட்டதால் பிந்தைய சென்ட்டுகளுக்கு இந்தச் சோதனை உதவாது.

சந்தையில் 'ஏழையின் இரட்டை அச்சு' என்றொரு 1955 சென்ட்டும் உலவுகிறது. தேய்ந்த அச்சால் கடைசி 5-க்கு நிழல் விழுந்த காசு அது. பெயர் அழகு, சரக்கு சாதாரணம்.

1969 சென்ட்டை யாராவது பெரிய விலைக்கு நீட்டினால் வாசகத்தின் படத்தைக் கண்டு மயங்காதீர்கள், எஸ்ஸின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வாங்காதீர்கள்.