இரண்டு உரம், ஒரே கணக்கு

பிள்ளைகள் பள்ளியில் எக்ஸ், ஒய் என்று போடும் கணக்கு வயலுக்கு உதவாது என்று பலர் எண்ணுகிறார்கள். யூரியாவும் டி.ஏ.பி.யும் வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் அந்தக் கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது. அதில் தவறினால் பணமும் போகும், பயிரும் கெடும்.

புதுச்சேரி, பாகூர்ப் பகுதியில் ஒருவர் ஓர் ஏக்கரில் சம்பா நடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்து 55 கிலோ, மணிச்சத்து 23 கிலோ என்றிருக்கிறது. யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோ தழைச்சத்து உண்டு. டி.ஏ.பி.யில் 100 கிலோவுக்கு 18 கிலோ தழைச்சத்தும் 46 கிலோ மணிச்சத்தும் உண்டு. யூரியா எவ்வளவு, டி.ஏ.பி. எவ்வளவு? தெரியாதவை இரண்டு.

தழைச்சத்து முழுவதற்கும் யூரியா என்று கணக்கிட்டால் 120 கிலோ வருகிறது. மணிச்சத்துக்காக இடும் டி.ஏ.பி.யிலும் தழைச்சத்து இருப்பதை இதில் மறந்துவிடுகிறோம். பயிருக்கு 9 கிலோ தழைச்சத்து கூடுதலாகப் போய்விடும். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகச் செழித்துச் சாயும். புகையான், இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் ஆகியவற்றின் தாக்குதலும் மிகும்.

சரியான முறை இதோ:

1. ஒரே உரத்திலிருந்து கிடைக்கும் சத்தை முதலில் எடுக்கவும். மணிச்சத்து டி.ஏ.பி.யில் மட்டுமே உள்ளது. 23 கிலோ மணிச்சத்துக்கு டி.ஏ.பி. 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை.

2. அந்த மூட்டையில் உள்ள தழைச்சத்து 9 கிலோ. 55-இல் 9 போக மீதி 46 கிலோ.

3. 46 கிலோவுக்கு யூரியா 100 கிலோ. 45 கிலோ மூட்டையில் இரண்டும், மேலும் 10 கிலோவும்.

4. விடையைச் சரிபார்க்கவும்: 46-உம் 9-உம் சேர்ந்து 55. கணக்கு சரி.

இதனால் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா மிச்சம்.

கடையில் டி.ஏ.பி. இல்லாமல் 20:20:0:13 காம்ப்ளெக்ஸ் மட்டும் இருந்தால் என்ன செய்வது? முறை அதேதான். 23 கிலோ மணிச்சத்துக்குக் காம்ப்ளெக்ஸ் 115 கிலோ. அதிலேயே தழைச்சத்தும் 23 கிலோ வந்துவிடும். மீதி 32 கிலோவுக்கு யூரியா சுமார் 70 கிலோ போதும்.

டி.ஏ.பி.யை அடியுரமாக இடவேண்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், பருவம் பார்த்துப் பிரித்து இடவேண்டும். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் தனி உரமாதலால் அதன் கணக்கு தனி.

மேற்சொன்ன அளவுகள் கணக்கு விளங்குவதற்கே. ஒவ்வொருவரும் தம் மண் பரிசோதனை அட்டையில் உள்ள எண்களை வைத்தே கணக்கிட வேண்டும். நிலத்தைக் குழிக் கணக்கில் சொல்பவர்கள் முதலில் ஏக்கருக்கு மாற்றிக்கொள்ளவும். ஐயமிருப்பின் குரும்பாபேட் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். உரக்கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து ஒருமுறை கணக்கிடச் சொன்னால் இருவருக்கும் பயன்.