மூச்சுக்குழாயை மாற்ற முடியுமா?

தோட்டத்தில் பைப் உடைந்தால் கொங்கு விவசாயி அசரமாட்டார். பழுதான துண்டை அறுத்தெறிந்து, புதுத் துண்டு வைத்து, கப்ளிங் போட்டு மோட்டாரை ஓட்டிவிடுவார். மூச்சுக்குழாயும் பார்வைக்குக் குழாய்தான். சுமார் 11 சென்டிமீட்டர் நீளம். 18 முதல் 22 வரை குருத்தெலும்பு வளையங்கள். உணவுக்குழாயை ஒட்டிய பின்பக்கம் மட்டும் மென்தசை. ஆனால் அதை மாற்றுவது சிறுநீரகத்தை மாற்றுவதைவிடக் கடினம்.

சிறுநீரகத்துக்குத் தமனியும் சிரையும் தெளிவாக இருக்கின்றன. அவற்றை இணைத்தால் ரத்தம் ஓடும். மூச்சுக்குழாய்க்கோ தைராய்டுக்கும் நுரையீரலுக்கும் போகும் நாளங்களிலிருந்து பிரியும் நுண்கிளைகள்தான் சோறு போடுகின்றன. அவற்றை அறுத்துவிட்டு வேறொருவருக்கு வைத்தால் குழாய் அழுகிவிடும். பெரியவர்களுக்குப் பாதி நீளம் வரை பழுதென்றால் வெட்டி, மிச்சத்தை இழுத்துத் தைக்கலாம். அதற்கு மேல் போனால்தான் திண்டாட்டம்.

பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் பியர் டெலேர் செய்த தந்திரம் அபாரமானது. இறந்தவரின் மூச்சுக்குழாயை நோயாளியின் முன்னங்கைக்குள் பதித்து, மாதக்கணக்கில் விட்டுவைத்தார். கையின் ரத்தநாளங்கள் அதற்குள் வளர்ந்தன. உள்பக்கம் நோயாளியின் வாய்ச்சவ்வை ஒட்டினார். பிறகு கையின் நாளங்களோடு பெயர்த்தெடுத்துக் கழுத்தில் இணைத்தார். 2010இல் இது வெளியானது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக்கூடக் கழுத்தில் இணைக்கும் முன்பே நிறுத்த முடிந்தது!

அந்தக் கடைசி இணைப்பு வேலை கோவைக்குப் புதிதல்ல. கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜா சபாபதி குழுவினர் விபத்தில் சிதைந்த கைகால்களுக்கு உடலின் வேறிடத்துச் சதையை நாளங்களோடு எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் தைத்துப் பிழைக்க வைப்பதும் இதே வித்தைதான்.

ரத்த ஓட்டத்தை அலட்சியம் செய்தவர் அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி. ஸ்டெம் செல் பூசிய பிளாஸ்டிக் குழாய்களை 2011 முதல் ஸ்டாக்ஹோமில் மூவருக்குப் பொருத்தினார், மூவரும் இறந்தார்கள். 2023இல் சுவீடன் நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. மாறாக, 2021இல் நியூயார்க்கில் மருத்துவர் எரிக் ஜென்டன் குழு, தானம் பெற்ற மூச்சுக்குழாயை நாளங்களோடு எடுத்து 18 மணி நேரம் உழைத்துப் பொருத்தியது.

மூச்சுக்குழாய் இப்படிச் சுருங்கிப் பழுதாவதற்குப் பெருங்காரணம் வென்டிலேட்டர். பூச்சிமருந்து குடித்தவர்களும் தலையில் அடிபட்டவர்களும் நாள்கணக்கில் தொண்டையில் டியூப்போடு கிடக்கிறார்கள். அதன் நுனியிலுள்ள பலூன் சுவரை அழுத்தினால் அங்கே ரத்தம் நின்று, புண்ணாகி, தழும்பு இறுகி வழி அடைபடுகிறது. பலூனின் அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஐசியூ நர்ஸின் கையில் ஒரு சின்ன மீட்டர் இருந்தால் போதும்.