தன் மண்ணிலேயே எழுந்த மாடி வீடுகள்

இருக்கிற மரங்களையெல்லாம் முதலில் வெட்டிச் சாய்த்துவிட்டு, வெறுமையான அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பி, அதற்கு 'வனம்' என்றும் 'சோலை' என்றும் நாமகரணம் செய்து விளம்பரப்படுத்துவது இந்நாளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. இதற்கு நேர்மாறான ஒரு நிர்மாணத்தை விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் காணலாம். 1968-ல் அந்நகரம் தோன்றியபோது, மழை அரித்து ஓடைகளாகப் பிளந்த செம்மண் பொட்டலாகக் கிடந்த அந்த மேட்டு நிலம், வரப்பு உயர்த்தி, நீரைத் தேக்கி, மரம் நட்ட பலரது உழைப்பின் பயனாகப் பசுமை கொண்டது. அந்தச் சூழலில் 1991 முதல் 1998 வரை கட்டப்பெற்றதே 'விகாஸ்' என்னும் குடியிருப்பு.

விகாஸின் மூன்றாவது கட்டடத்தின் விசேஷம் அதன் சுவரில் இருக்கிறது. நான்கு தளங்களைத் தாங்கும் அச்சுவர்களுக்கு வேண்டிய மண் வேறெங்கிருந்தும் லாரியில் வந்ததன்று. கீழ்த்தளம் தரைமட்டத்துக்குச் சுமார் நான்கடி தாழ்ந்திருக்கும்படி திட்டமிட்டு, அதற்காகத் தோண்டிய மண்ணையே கல்லாக்கி மேலே ஏற்றினார்கள். சூளைக்கு மண் கொடுத்துக் கொடுத்தே பள்ளமாகிப் போன வயல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனையின் அருமை விளங்கும்.

அந்தக் கல் உருவாகும் விதத்தைச் சற்று விவரமாகவே சொல்லலாம். செடி கொடிகளுக்கு உரமாகும் மேல்மண்ணைத் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, அடிமண்ணை மட்டும் எடுத்துச் சலிக்கிறார்கள். அதில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதம் நூற்றுக்கு அமைந்திருந்தால் மிக உத்தமம். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டுகிறார்கள். ஈரம் பதமாக இருக்கிறதா என்று அறியும் பரீட்சை வெகு சுலபம்: ஒரு பிடி மண்ணைக் கொழுக்கட்டைபோல் இறுகப் பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போடவேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளாகச் சிதறினால் நீர் போதாது. உடையாமல் தட்டையாகிவிட்டால் நீர் அதிகம். பதமான மண்ணை இயந்திரத்தின் அச்சில் நிரப்பி, மூடி, நீண்ட கைப்பிடியை ஆட்கள் தம் பாரமெல்லாம் கொடுத்து இழுத்தால், நாற்புறமும் மழுங்காத கல் ஒன்று மேலெழுந்து வரும். அதை அடுக்கி, ஈரம் ஓடிவிடாமல் மூடிவைத்து, நான்கு வாரம் நீர் தெளித்துவந்தால் சுவருக்குத் தயார். மழையில் கரையும் குணம் அதற்குப் போய்விடும்.

இத்தகைய கை இயந்திரத்துக்கு மூலபுருஷர், 1950-களில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 'சின்வா-ராம்' என்ற அழுத்துபொறியை அமைத்த ராவுல் ராமிரெஸ் என்பவர். அதன் வழியில் வந்ததே ஆரோவில்லில் செய்யப்படும் 'ஆரம்' இயந்திரம்.

சிமெண்டு சேர்கிறதே, அதற்கும் ஆலையில் நெருப்பு மூட்டவேண்டாமா என்று ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் ஐந்து பங்கு சிமெண்டுக்கான எரிபொருளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும், விறகை விழுங்கும் நாட்டுச் சூளைச் செங்கல்லைவிட இக்கல்லுக்குச் செலவாகும் சக்தி பன்மடங்கு குறைவு.

கூரையிலும் சிக்கனமே நோக்கம். எகிப்தின் நூபியப் பிரதேசத்துக் கொத்தர்கள், அடியில் பலகைச் சாரம் முட்டுக் கொடாமலே மண் கற்களால் வளைகூரை எழுப்பிய புராதன முறையை ஆரோவில்லின் மண் கட்டடக் கழகத்தார் செப்பனிட்டுக் கையாண்டு வருகிறார்கள். வளைவில் பாரம் முழுவதும் அழுத்தமாகவே இறங்குவதால் இரும்புக் கம்பிக்கு அங்கே வேலையில்லை. விகாஸில் உஷ்ணக் காற்றை மேலே இழுத்து வெளியேற்ற, வெயிலால் இயங்கும் புகைபோக்கி போன்ற ஓர் அமைப்பும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் உலக வாழ்விடப் பரிசுக்கு இக்குடியிருப்பு இறுதிச் சுற்று வரை சென்றது.

எல்லா ஊருக்கும் இம்முறை அப்படியே பொருந்தும் என்று சொல்லுவதற்கில்லை. நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண்ணுக்குச் சிமெண்டைக் காட்டிலும் சுண்ணாம்பே ஏற்றது. களி மிகுந்த மண்ணுக்கு மணல் சேர்த்தாக வேண்டும். ஆகவே வீடு கட்ட உத்தேசித்திருக்கும் அன்பர்கள், சூளைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, தங்கள் மனையின் அடிமண்ணில் ஒரு கூடை எடுத்துப் பரீட்சித்துப் பார்ப்பார்களாக.